மலைச் சாலையில் சைக்கிள்: கால்களும் மூச்சும் போடும் கணக்கு

மணாலியிலிருந்து ரோதாங் கணவாய் வழியாக லே நகருக்கு ஏறத்தாழ 475 கி.மீ. காரில் இரண்டு நாள். சைக்கிளில் எட்டு முதல் பத்து நாள். வழியில் ஐந்து கணவாய்கள்; கடைசியான தங்லாங் லா 5,300 மீட்டருக்கும் மேல். பரிசு, பதக்கம் எதுவும் இல்லாமல், விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து இதை மிதிப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். எது இழுக்கிறது?

சமவெளியில் வேகமாகப் போகும்போது உழைப்பின் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதிலேயே போய்விடும். எதிர்காற்று வீசினால் நாள் கெட்டது. முன்னால் ஒருவர் போனால் அவர் மறைவில் சுலபமாகப் போகலாம். ஆனால் 7 சதவீத ஏற்றத்தில் (நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் உயர்வு), மணிக்கு 8 கி.மீ. வேகத்தில், காற்றின் பங்கு மிகச் சொற்பம். ஏறக்குறைய எல்லாமே புவியீர்ப்புக்கு எதிரான வேலை. ஆள் 70 கிலோ, வண்டியும் பையும் 20 கிலோ என்றால், 1,000 மீட்டர் உயர 882 கிலோஜூல் வேண்டும். 150 வாட் தரும் கால்களுக்கு அது சுமார் 1 மணி 40 நிமிட வேலை. உடலின் செயல்திறன் கால்வாசிக்கும் சற்றுக் குறைவு என்பதால் செலவாகும் உணவாற்றல் ஏறத்தாழ 900 கலோரி. இந்தக் கணக்கில் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. கால் கொடுத்தது அப்படியே உயரமாகிறது, அதைக் கண்ணாலும் பார்க்க முடிகிறது.

ஒரு வேலையில் மனம் முழுக்க ஒன்றிப்போக, தெளிவான இலக்கு, உடனடி விளைவு, திறமைக்கு ஏற்ற கடினம் ஆகியவை வேண்டும் என்றார் உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி. அடுத்த கொண்டை ஊசி வளைவு இலக்கு. மூச்சின் வேகம் உடனடி விளைவு. கடினத்தைக் கூட்டிக் குறைக்கக் கையில் கியர் இருக்கிறது.

அந்தக் கியர் தவறினால் எல்லாம் கெடும். 10 சதவீத ஏற்றத்தில் 150 வாட்டுக்குக் கிடைக்கும் வேகம் மணிக்கு 6 கி.மீ.க்கும் குறைவு. முன் பல்சக்கரத்தில் 34 பல், பின் பல்சக்கரத்தில் 34 பல் என்றால் நிமிடத்துக்கு 46 சுற்றுதான் மிதிக்க முடியும். ஒவ்வொரு மிதியின் பாரமும் முழங்காலில் இறங்கும். முன்னால் 24 பல் இருந்தால் அதே வேகத்தில் 65 சுற்று. சுமையோடு போகிறவர்களுக்கு இது ஆடம்பரம் அல்ல, அவசியம்.

ஏன் பல நாள்? தசையிலும் ஈரலிலும் சேமித்த கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து சுமார் 2,000 கலோரிக்குள்தான். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தாவது சாப்பிடாதவர்களுக்கு இரண்டாம், மூன்றாம் நாளில் கால் மரத்துப்போகும். சரியாகச் சாப்பிட்டவர்களின் உடலில் அதே நாள்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதி அதிகரிக்கத் தொடங்கும்; இதயத்தின் வேலை சுலபமாகும். உயரமும் கூடும்போது இதன் பலனைப் பிரித்துப் பார்ப்பது கடினம். ஆனால் ஒரு நாள் பயணத்தில் இந்த மாற்றத்துக்கே நேரமில்லை.

உயரத்துக்குப் பழகுவதற்கும் இந்த மெதுவான வேகம் உதவுகிறது. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்குள் வைக்க வேண்டும். அவசரக்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் சர்ச்சு, சுமார் 4,290 மீட்டர். அங்கே தலைவலியும் வாந்தியும் வந்தால் இறங்கித் தப்ப வழியில்லை: தெற்கே பாராலாச்சா லா கணவாய், வடக்கே நக்கீ லா கணவாய், இரண்டுமே அதைவிட உயரம். அதனால் கூடுதல் ஓய்வு நாளைக் தாழ்வாக உள்ள கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ, பாராலாச்சாவுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.