இன்டீரியர் டிசைன்: ‘உள்துறை’யும் வேண்டாம், ‘உள் அலங்கார’மும் வேண்டாம்

இன்டீரியர் டிசைனை ‘உள்துறை வடிவமைப்பு’ என்று எழுதுவதை இனியாவது நிறுத்த வேண்டும். மரச்சாமான் விளம்பரம், வீடு கட்டுவோருக்கான குறிப்புகள், செயலிகளின் தமிழ்ப் பக்கங்கள் என்று எங்கு பார்த்தாலும் இதுதான். உள்துறை என்பது காவலும் சட்டம் ஒழுங்கும் பார்க்கிற அரசுத் துறை. சில நாடுகளில் அந்த அமைச்சகத்தின் பெயரில் இன்டீரியர் என்ற சொல் இருப்பதால், எந்த இன்டீரியரைக் கண்டாலும் இயந்திர மொழிபெயர்ப்பு உள்துறை என்று போட்டுவிடுகிறது. இயந்திரத்துக்குத் தெரியாது, சரி. அதை எடுத்து வெளியிடுகிறவருக்குத் தமிழ் தெரியும்தானே? ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாலே பிழை தெரிந்திருக்கும்.

இன்டீரியர், டிசைன் இரண்டுக்குமே வேர் லத்தீன். முதலாவது ‘இன்னும் உள்ளே’ என்ற பொருள் கொண்டது. இரண்டாவது ‘குறியிட்டுக் காட்டுவது’ என்ற வினையிலிருந்து வந்தது. அதன் இத்தாலிய உறவுச் சொல்லுக்கு வரைதல் என்றே பொருள். ஆக, செய்வதற்கு முன்னால் வரைந்து பார்ப்பதுதான் டிசைன்.

உள்துறையைவிட எனக்குப் பெரிய கவலை ‘உள் அலங்காரம்’. இது இயந்திரப் பிழை அல்ல. நன்றாகத் தமிழ் எழுதுகிறவர்களே விரும்பிப் பயன்படுத்துவது. அலங்காரம் வடசொல், அதற்கு நம்மிடம் அணி என்ற சொல் இருக்கிறது என்பது ஒரு பக்கம். அதற்காக மட்டும் நான் இதை எதிர்க்கவில்லை. ‘உள்ளணி’ என்று மாற்றினாலும் குற்றம் தீராது, ஏனென்றால் பொருளே தவறு. மேடை அலங்காரம், மலர் அலங்காரம் என்று நாம் சொல்லும்போது மேடை ஏற்கெனவே இருக்கிறது. அதன்மேல் அழகு சேர்க்கிறோம். அலங்காரம் கடைசியில் வருவது, பிடிக்காவிட்டால் கழற்றிவிடக் கூடியது. ஆங்கிலத்திலும் அந்த வேலைக்கு டெக்கரேஷன் என்று தனிச்சொல் உண்டு. திரைச்சீலை, படம், குஷன், பூச்சாடி எல்லாம் அதில் அடங்கும்.

டிசைனர் செய்வது வேறு. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், சமைப்பவர் எவ்வளவு உயரம், முதியவர் இரவில் எழுந்தால் எந்த வழியாகக் கழிப்பறைக்குப் போவார் என்று கேட்டுவிட்டுத்தான் அவர் அளவெடுக்கத் தொடங்குவார். துணி அலமாரிக்கு ஏறக்குறைய 60 செ.மீ. ஆழம் வேண்டும், கதவைத் திறந்து முன்னால் நிற்க இன்னொரு 90 செ.மீ.யாவது வேண்டும். அந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் கட்டில் எங்கே என்று முடிவாகும். கட்டில் முடிவானால்தான் சுவிட்சு எங்கே என்று தெரியும். சமையல் மேடை பொதுவாக 85 முதல் 90 செ.மீ. உயரம் இருக்கும், உயரமானவர் அதில் தினமும் குனிந்து காய் நறுக்கினால் முதுகு போய்விடும். இதில் எங்கே இருக்கிறது அலங்காரம்?

சொல் தவறினால் வேலையும் தவறுகிறது. அலங்காரம்தானே என்று நினைப்பவர் வயரிங், குழாய் வேலை, பூச்சு எல்லாம் முடித்துவிட்டு டிசைனரைக் கூப்பிடுகிறார். அப்புறம் சுவிட்சுப் பலகை அலமாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறது, சுவரை மறுபடி வெட்ட வேண்டியிருக்கிறது. வரைபடக் கட்டத்திலேயே அழைத்திருந்தால் பென்சிலும் அழிப்பானும் போதும். டிசைனர் கட்டணம் கேட்டால் ‘நாலு படம் மாட்ட இவ்வளவா?’ என்று முகம் சுளிப்பதும் இந்தச் சொல் தந்த எண்ணம்தான்.

என் தேர்வு ‘அக வடிவமைப்பு’. அகம் என்றால் உள், வீடு, மனம் என மூன்று பொருளும் உண்டு. மூன்றும் இந்த வேலைக்குப் பொருந்துகின்றன. அலுவலகம், மருத்துவமனை என எந்தக் கட்டடத்துக்கும் ‘உள்’ என்ற பொருளே போதும். செய்பவர் அக வடிவமைப்பாளர். ‘உள்ளக வடிவமைப்பு’ என்பாரும் உண்டு. தவறில்லை, ஆனால் உள்ளும் அகமும் ஒன்றையே இரண்டு முறை சொல்கின்றன. ‘உட்புற வடிவமைப்பு’ தெளிவானது. அதை எழுதுகிறவரோடு எனக்குச் சண்டையில்லை. பேச்சில் இன்டீரியர் என்றே சொன்னாலும் குடி முழுகிவிடாது.

எழுத்தில்தான் மனம் கொதிக்கிறது. லிவிங் ரூமை ‘வாழ்க்கை அறை’ என்கிறார்கள். கூடம் எங்கே போயிற்று? ஃபால்ஸ் சீலிங் ‘தவறான உச்சவரம்பு’ ஆகிவிட்டது. உச்சவரம்பு என்பது நிலத்துக்கும் வருமானத்துக்கும் சட்டம் வைக்கிற எல்லை. தலைக்கு மேல் இருப்பது கூரை. பொய்க்கால் குதிரை என்று பெயர் வைத்த மொழியில் பொய்க்கூரை என்று எழுத எந்தத் தடையும் இல்லை.