இருவர் பகிரும் வாக்-இன் க்ளாசெட்: கண்ணாடியைக் கடைசியில் முடிவு செய்யுங்கள்

உடை அறை அலமாரிகளுக்குக் கண்ணாடி ஷட்டர், அதாவது கண்ணாடிக் கதவு, வேண்டும் என்று வருபவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு படத்தோடு வருவார்கள். அந்தப் படத்தில் சட்டைகள் எல்லாம் ஒரே நிறக் குடும்பத்தில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நடுவே கையளவு இடைவெளி இருக்கும். அது ஒருவர் உடைகூட இல்லை, படம் எடுப்பதற்காகத் தொங்கவிட்டவை. உண்மையில் அந்த அறையை இரண்டு பேர், அதுவும் காலையில் ஒரே நேரத்தில், பயன்படுத்தப் போகிறார்கள். அதனால் கண்ணாடியைப் பற்றிய பேச்சை நான் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். முதலில் இருவரின் துணிகளையும் அளக்க வேண்டும்.

அளப்பது என்றால் டேப் எடுத்து அளப்பதுதான். இப்போது இருக்கும் அலமாரியில் தொங்கும் உடைகள் எத்தனை செ.மீ. நீளத்தை அடைக்கின்றன, மடித்து வைத்தவை எத்தனை தட்டு, காலணிகள் எத்தனை ஜோடி என்று இருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். பாதிக்குப் பாதி என்று பிரிப்பது நியாயமாகத் தெரியும், ஆனால் பெரும்பாலும் சரியாக வராது. ஒருவருக்கு முழங்கால் தாண்டும் நீள உடைகள் அதிகம் இருக்கும்; அவற்றுக்கு 150 முதல் 160 செ.மீ. வரை தடையில்லாத உயரம் வேண்டும். இன்னொருவரிடம் சட்டையும் பேண்ட்டும்தான் என்றால், அலமாரியின் முழு உயரத்தில் மேலும் கீழுமாக இரண்டு கம்பிகள் போட்டுவிடலாம். கீழ்க்கம்பி சுமார் 100 செ.மீ., மேல்கம்பி சுமார் 205 செ.மீ. உயரத்தில் வரும். உயரம் குறைந்தவருக்கு அந்த மேல்கம்பி எட்டாது. அவர் பகுதியில் கம்பியை இறக்குங்கள், அல்லது கைப்பிடியால் கீழே இழுக்கும் வகையைப் போடுங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக ஒருவர் தினமும் ஸ்டூல் தேடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அடுத்தது நடக்கும் இடம். ஹேங்கரில் தொங்கும் துணிக்கு அலமாரியின் உள் ஆழம் 55 முதல் 60 செ.மீ. வேண்டும். எதிரெதிராக இரண்டு வரிசை வைத்தால் நடுவே ஒருவருக்கு 90 செ.மீ. போதும். ஷட்டர் திறந்திருக்கும்போது இன்னொருவர் கடந்து போக வேண்டும் என்றால் 110 முதல் 120 வரை தேவை. அதாவது அறையின் உள் அகலம் ஏறக்குறைய 240 செ.மீ. இருக்க வேண்டும். அவ்வளவு இல்லையென்றால் ஒரு பக்கத்தை மட்டும் முழு ஆழத்தில் செய்து, எதிர்ப்பக்கத்தில் 35 செ.மீ. ஆழத்தில் காலணியும் மடித்த துணியும் வைக்கலாம்.

இடம் குறைவு, ஸ்லைடிங் ஷட்டர் போட்டுவிடலாமே என்று உடனே தோன்றும். ஆனால் இரண்டு கதவு கொண்ட ஸ்லைடிங்கில் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும். அந்த இரண்டு பாதிகளும் இரண்டு பேருடையவை என்றால் ஒருவர் கதவைத் தள்ளியதும் மற்றவர் பகுதி மூடிக்கொள்ளும். ஸ்லைடிங்தான் என்றால் ஒரு ஜோடிக் கதவுக்குப் பின்னால் ஒருவருடைய உடைகளே இருக்கட்டும்.

இப்போது கண்ணாடிக்கு வரலாம். இதில் நான் விட்டுக்கொடுக்காத விஷயம் ஒன்று உண்டு: ஷட்டருக்கு டஃபன்ட் கிளாஸ் அல்லது லேமினேட்டட் கிளாஸ்தான். சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி போன்ற நீளத் துண்டுகளாக விழும், அந்த அறையிலோ வெறுங்காலோடு நிற்கிறோம். டஃபன்ட் கிளாஸை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று காற்றால் குளிர்விக்கிறார்கள். அதனால் அது உடைந்தாலும் சிறு மணிகளாக உதிரும். லேமினேட்டட் என்றால் விரிசல் விட்டாலும் நடுவில் உள்ள படலம் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். ஒன்றை மறக்க வேண்டாம்: டஃபன்ட் செய்த பிறகு அதை வெட்டவோ துளையிடவோ முடியாது. கீலுக்கும் கைப்பிடிக்கும் துளைகள் எங்கே என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். "கொஞ்சம் அளவு மாறிவிட்டது, இங்கேயே தேய்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் நிறுத்தச் சொல்லுங்கள். அதன் பலவீனமே ஓரங்கள்தான். நடுவில் நல்ல அடி தாங்கும் கண்ணாடி, மூலையில் சின்னதாக இடித்தாலே முழுதாகச் சிதறலாம். அலுமினிய ப்ரொஃபைல் சட்டத்துக்குள் போட்ட கண்ணாடியை நான் விரும்புவது இதனால்தான்.

எடையையும் கணக்கில் எடுங்கள். கண்ணாடி ஒரு மி.மீ. தடிமனுக்கு ஒரு சதுர மீட்டர் 2.5 கிலோ. 45 செ.மீ. அகலம், 220 செ.மீ. உயரம், 5 மி.மீ. தடிமன் என்றால் கண்ணாடி மட்டும் 12 கிலோவுக்கு மேல், சட்டம் தனி. இரண்டு கீலில் தொங்கினால் சீக்கிரமே இறங்கிவிடும், நாலைந்து வேண்டும். அலமாரியையும் சுவரோடு ஆணியடித்து அல்ல, ஆங்கர் போல்ட் போட்டு இறுக்க வேண்டும், வீட்டில் குழந்தைகள் இருந்தால் கட்டாயம்.

எதை வெளியே காட்டுவது என்பதில்தான் இருவருக்குள் பேச்சு வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் எப்போதும் ஒழுங்கு வேண்டும், அந்தப் பொறுப்பு கடைசியில் ஒருவர் தலையில்தான் விழும். தொங்கும் உடைகள், கைப்பைகள் கண்ணாடிக்குள் இருக்கட்டும். உள்ளாடை, வீட்டு உடை, ஒருமுறை போட்டுவிட்டுத் துவைக்காமல் வைத்தவை எல்லாம் மூடிய இழுப்பறைக்குப் போகட்டும். அப்புறம், ஒருவர் ஒழுங்காக வைப்பவர், மற்றவர் அப்படி இல்லை என்றால் அவர் பக்கத்துக்கு வரிவரியாகப் பள்ளம் உள்ள ஃப்ளூட்டட் கிளாஸோ அடர் சாம்பல் நிறக் கண்ணாடியோ போடலாம். சட்டமும் கைப்பிடியும் ஒன்றாக இருந்தால் அறை சேர்ந்தே தெரியும்.

விளக்கு கூரையின் நடுவில் மட்டும் இருந்தால் கண்ணாடியில் உங்கள் உருவம்தான் தெரியும், துணி தெரியாது. எல்இடி பட்டையைப் பக்கப் பலகையின் முன் ஓரத்தில், உள்நோக்கிச் சாய்த்து வையுங்கள். பின்பலகையில் வைத்தால் துணிகள் நிழலாக நிற்கும். சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 90-க்குக் குறையாத விளக்கு வாங்குங்கள், கறுப்பையும் கருநீலத்தையும் பிரித்துப் பார்க்க அது உதவும். இருவரில் ஒருவர் முன்னதாக எழுபவர் என்றால், அவர் அலமாரி படுக்கையறை வாசலுக்கு நேராக வரக்கூடாது. கதவைத் திறந்ததும் எரியும் விளக்கு கண்ணாடி வழியாக நேரே தூங்குபவர் முகத்தில் அடிக்கும்.

அறையில் ஜன்னல் இருந்தால், கண்ணாடி போட்டிருக்கிறதே, துணி வெளிறாது என்று நம்ப வேண்டாம். சாதாரணக் கண்ணாடி புற ஊதாவின் ஒரு பகுதியைத்தான் தடுக்கும், கண்ணுக்குத் தெரியும் ஒளியும் சாயத்தை வெளுக்கும். பட்டும் அடர் நிறங்களும் நேர் வெயில் படாத பக்கம் போகட்டும். குளியலறை ஒட்டியிருந்தால் ஈரம் பெரிய பிரச்சினை. ஷட்டர்களை அடியிலும் மேலும் சில மி.மீ. இடைவெளி விட்டுப் பொருத்துங்கள், அறைக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள்.

எல்லாம் பேசியும் முடிவு வரவில்லையென்றால், அலமாரிப் பெட்டிகளை மட்டும் செய்து, சில பகுதிகளை ஷட்டர் இல்லாமலேயே விடலாம். பின்னால் கீல் பொருத்த வசதியாக, பக்கப் பலகைகளில் 32 மி.மீ. இடைவெளித் துளை வரிசையை முதலிலேயே போட்டு வைக்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் இருவரும் புழங்கிய பிறகு, எந்தப் பகுதி தானாகவே ஒழுங்காக இருக்கிறதோ அதற்குக் கண்ணாடி ஆர்டர் கொடுக்கலாம்.