மூளைப்புயலா, சிந்தனைக் கிளறலா?

திருகோணமலையில் செயலமர்வுக்குப் போனவர்களுக்கு 'பிரெயின்ஸ்டோமிங்' என்ற ஆங்கிலச் சொல் பழக்கமானது. அதைத் தமிழில் 'மூளைப்புயல்' என்றும் 'சிந்தனைக் கிளறல்' என்றும் சொல்கிறார்கள். வளவாளர் டிமைத் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு, "சரி, இப்ப ஒரு பிரெயின்ஸ்டோமிங் செய்வம்" என்பார். ஒரு கேள்வியை நடுவில் வைத்து, குறுகிய நேரத்தில் குழுவாக யோசனைகளைக் குவிப்பதே அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் இச்சொல்லின் மூலவடிவத்துக்குத் திடீர்ச் சித்தக் கலக்கம் என்றே பொருள். இன்றைய பொருளில் அதைப் பரப்பியவர் அமெரிக்க விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஒஸ்போர்ன். ஆங்கிலத்தில் 'ஸ்டோம்' என்றால் புயல் என்றும் பொருள், பாய்ந்து தாக்குதல் என்றும் பொருள். அவர் எண்ணியது புயற்காற்றையல்ல. படை பாய்ந்து கோட்டையைத் தாக்குவதுபோல மூளையால் ஒரு சிக்கலைத் தாக்குவதை. ஆகவே 'மூளைப்புயல்' பொருளைத் தவறவிட்ட மொழிபெயர்ப்பு. 1964, 1978 புயல்களைக் கண்ட கிழக்குக் கரையில் புயல் என்றால் அழிவுதான் நினைவுக்கு வரும். 'மூளைச்சலவை' முற்றிலும் வேறு விடயம், இரண்டையும் குழப்பக்கூடாது.

நம் ஆசிரியர்களிடையே புழங்கும் 'சிந்தனைக் கிளறல்' எனக்கு மிகவும் பிடித்தது. சாம்பலுக்கடியில் கிடக்கும் தணலைக் கிளறி மேலே கொண்டுவருவதுபோல, வாய் திறக்காதவர் மனத்தில் கிடப்பதையும் அது வெளியே எடுக்கிறது. செய்ய வேண்டிய வேலையும் அதுவே.

ஒஸ்போர்ன் சொன்ன விதிகள் நான்கு: உடனே குறை சொல்லாதே, விசித்திரமான யோசனையையும் வரவேற்றுக்கொள், நிறையச் சொல், மற்றவர் சொன்னதோடு சேர்த்து வளர். இவற்றில் முதலாவதுதான் நம் கூட்டங்களில் அடிக்கடி உடைகிறது. மாதர் சங்கக் கூட்டத்தில் இளம்பெண் ஒருத்தி வாய் திறந்ததும், "அதெல்லாம் சரிவராது பிள்ளை" என்று மூத்தவர் சொன்னால் அவள் பிறகு பேசவே மாட்டாள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அதற்குள் தம் யோசனை மறந்துபோகும். தனித்தனியே யோசித்தவர்களின் யோசனைகளைச் சேர்த்தால், கூடி யோசித்த குழுவைவிட அதிகம் தேறியது என்று யேல் பல்கலைக்கழக ஆய்வு 1958இலேயே காட்டியது. அதனால் முதலில் எழுத வையுங்கள். "தயிர் முடிந்த பிறகு வெறும் முட்டியை என்னென்ன செய்யலாம்?" என்று கிண்ணியாப் பெண்களிடம் கேட்டு, மூன்று நிமிடம் மௌனமாக எழுதச் சொல்லுங்கள். அப்புறம் தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து, அவர் அதில் ஒன்றைச் சேர்க்கட்டும். எழுதச் சிரமப்படுபவருக்கு அருகிலிருப்பவர் எழுதிக் கொடுக்கலாம். எது நல்லது என்று தெரிவு செய்வதைத் தேநீருக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.