செப்சிஸ்: குருதித்தொற்று

“கொழந்தைக்கு அடியே படலியே, செப்டிக் எப்படிம்மா ஆவும்?”

புதுச்சேரியில் ஒரு மருத்துவமனை வராந்தாவில் எங்கள் பெரியம்மா நர்ஸிடம் கேட்டது இது. பேரன் பிறந்து ஐந்தாம் நாள். பால் இழுக்கவில்லை, உடம்பு சில்லிட்டுக் கிடந்தது. டாக்டர் சொன்ன சொல் செப்சிஸ். கடலூர்ப் பக்கம் காலில் ஆணி குத்தினால் ‘செப்டிக் ஆயிடும்’ என்போம். பெரியம்மாவுக்கு அதுதான் காதில் விழுந்தது.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். கிரேக்க மொழியில் செப்சிஸ் என்றால் அழுகல்; பண்டைக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிராட்டீஸ் காலத்திலேயே மருத்துவத்தில் வழங்கியது. ஆன்டிசெப்டிக், செப்டிக் டேங்க் எல்லாம் அதன் வழிவந்தவை. இன்று மருத்துவர்கள் கொள்ளும் பொருள் வேறு: கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடல் நிலைதடுமாறித் தன் உறுப்புகளையே செயலிழக்கச் செய்வது.

தமிழில் இதைச் ‘சீழ்ப்பிடிப்பு’ என்று எழுதுபவர்கள் உண்டு. பச்சிளங்குழந்தை விஷயத்தில் அது ஆபத்தான சொல். சீழும் புண்ணும் எங்கே என்று தேடிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று வீட்டிலேயே வைத்திருப்பார்கள். காய்ச்சல்கூட இல்லாமல் இருக்கலாம். பால் குடிக்காததும் துவண்டு கிடப்பதும் மூச்சு வாங்குவதும்தான் அடையாளம். ‘நச்சுக்குருதி’ என்றால் யாரோ விஷம் வைத்ததுபோல் இருக்கிறது.

நான் எழுதுவது ‘குருதித்தொற்று’. உறுப்புகள் செயலிழப்பதை அந்தச் சொல் சொல்லவில்லை, அந்தக் குறை அதற்கு உண்டு. ஆனாலும் ‘ரத்தத்துல கிருமி கலந்துடுச்சு’ என்று வார்டில் பேசுவதற்கு அதுவே நெருக்கம். தொற்றுதல் என்பது பற்றி ஏறுதல். ஓடும் பஸ்ஸின் படியில் தொற்றிக்கொள்கிறோமே, அதே வினை. அழுகல் என்றால் தானாக உள்ளே நடப்பது. தொற்று என்றதும் ‘எங்கிருந்து?’ என்று கேட்கத் தோன்றும்.

பிறந்து முதல் 72 மணி நேரத்துக்குள் வருவது பெரும்பாலும் தாயிடமிருந்து. பனிக்குடம் உடைந்து 18 மணி நேரம் தாண்டியும் பிரசவம் ஆகாவிட்டால், பிறப்புவழியில் இருக்கும் கிருமிகள் கருப்பைக்குள் மேலேறிவிடலாம். குறைமாதக் குழந்தைக்கு இன்னும் எளிதில் தொற்றும். அதற்குப் பிறகு வருவது பெரும்பாலும் தூக்குகிற கைகளாலும், ஊசி, குழாய் வழியாகவும், ஈரம் காயாத தொப்புள் வழியாகவும். அந்தத் தொப்புளில் மஞ்சளும் சாம்பலும் வைக்கிற பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை.

நர்ஸ் இதையெல்லாம் பெரியம்மாவிடம் பொறுமையாகச் சொன்னார். பத்து நாள் ஆன்டிபயாடிக் ஓடியது. ஒவ்வொரு முறையும் பெரியம்மா வளையலைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே பேரனைத் தொட்டார்.