கறுத்த ஆயிலும் கண்ணுக்குத் தெரியாத தூசியும்

பணகுடிப் பக்கம் டீசல் கார் ஓட்டும் வாசகர் ஒருவரின் கேள்வி: “ஆயில் மாற்றி ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை, அதற்குள் கறுத்துவிட்டது. இன்ஜின் கெட்டுவிடுமா?”

கெடாது. அந்தக் கறுப்பு, டீசல் எரிந்த கரி. கரி திரண்டு படியாமல் மிதக்க வைப்பதற்கென்றே ஆயிலில் வேதிப்பொருட்கள் சேர்க்கிறார்கள். அவை வேலை செய்கின்றன, அவ்வளவுதான்.

பயப்பட வேண்டியது, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் பாயும் காற்றோடு வரும் தூசிக்கு. பெட்ரோலோ டீசலோ, ஒரு லிட்டர் எரியக் குறைந்தது 9,000 லிட்டர் காற்று வேண்டும். தேரி மணலின் பருமணிகளை ஏர் ஃபில்டர் எளிதில் பிடித்துவிடும். செம்மண்ணின் நுண்தூசியும் கல்குவாரி லாரிகள் கிளப்பும் கல்தூளும்தான் சிக்கல். அவற்றிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம், சிலிண்டரின் வார்ப்பிரும்பைவிடப் பல மடங்கு கடினமானது.

பிஸ்டனைச் சுற்றியிருக்கும் உலோக வளையமான பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் பிரித்து வைப்பது ஓர் ஆயில் படலம். பிஸ்டன் நடுவழியில் விரையும்போது அது சில மைக்ரான் தடிமன்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உச்சியில் ஒரு கணம் நின்று திரும்பும் இடத்தில் ஒரு மைக்ரான் அளவுக்கு மெலிந்துவிடும். தலைமுடியே சுமார் 70 மைக்ரான். படலத்தைவிட மிகச் சிறிய துகள் ஆயிலோடு வழிந்துபோகும். மிகப் பெரியது இடுக்கில் நுழையவே நுழையாது. படலத்தின் தடிமனை ஒட்டிய துகள்தான் உள்ளே போய் இரு பக்கமும் முட்டி நிற்கும். ஆயில் பரவலாகத் தாங்கிய பாரம் அந்த ஒற்றை முனையில் இறங்கும். பிஸ்டன் நகர நகரக் கீறல்தான்.

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டைத் தாங்கும் கிராங்க் பேரிங்கில் நடப்பது இன்னும் அழகு. அதன் உள்பரப்பை வேண்டுமென்றே மென்மையான உலோகத்தில் செய்கிறார்கள், துகள் வந்தால் புதைந்துபோகட்டும் என்று. முழுசாகப் புதைந்தால் தொல்லை தீர்ந்தது. முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதே பேரிங் உப்புத்தாளாகிவிடும்: மென்மையான தாள் தேயாது, எதிரே சுழலும் கடினமான எஃகு தேயும். தேய்ந்து உதிரும் இரும்புத் துணுக்குகளும் ஆயிலோடு சேர்ந்து சுற்றும். ஆயில் ஃபில்டர் 20, 30 மைக்ரானுக்கு மேற்பட்டவற்றை நன்றாகப் பிடிக்கும். 5 மைக்ரான் துகள்களில் நிறைய தப்பிவிடும்.

ஆகவே வாசலிலேயே தடுக்க வேண்டும். ஏர் ஃபில்டரைக் கழற்றிக் கம்ப்ரசரில் ஏர் அடிக்காதீர்கள். தாளில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். ஃபில்டருக்கு அப்பால், இன்ஜினுக்குப் போகும் ஹோஸுக்குள் விரலால் துடைத்துப் பாருங்கள். விரலில் மண் ஒட்டினால் ரப்பர் விளிம்பு சரியாக உட்காரவில்லை, அல்லது ஹோஸ் வெடித்திருக்கிறது. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை முழுக்க அழுத்திச் செருகுங்கள். ஆயில் ஊற்றும் புனலைத் துடைத்துவிட்டு, காற்று மறைவில் நின்று ஊற்றுங்கள். கையேட்டில் தூசிப் பகுதிக்கென்று ஆயில், ஃபில்டர் மாற்றத் தனி இடைவெளி இருந்தால், நம் ஊருக்கு அதுதான் கணக்கு.

கறுப்பைப் போக்குவதாகச் சொல்லி விற்கும் பாட்டில் திரவங்களுக்குக் கொடுக்கும் காசில் நல்ல ஏர் ஃபில்டர் வாங்கலாம். மண்தூசியிலுள்ள சிலிக்கான் பழைய ஆயிலில் எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று அளக்கும் சோதனை பெரிய இன்ஜின்களுக்கு வழக்கமாக நடக்கிறது. நெல்லைப் பொறியியல் கல்லூரிகளுக்கு அரசு அந்தக் கருவி வாங்க நிதி கொடுத்து, ராதாபுரம் வட்டாரக் கார்களின் ஆயிலைச் சோதிக்க வைக்க வேண்டும் என்பது என் ஆசை. அளக்கும்போது ஒரு கவனம்: இன்ஜின் மூட்டுகளை அடைக்கும் கேஸ்கெட் பசையிலிருந்தும் சிலிக்கான் கசியும். கூடவே அலுமினியமும் இரும்பும் ஏறியிருந்தால்தான் அது மண்.