தொட்டித் தண்ணீரில் தாது உப்பு: கலப்பதற்கு முன் அளந்து பாருங்கள்

மேய்ச்சலை நம்பியிருக்கும் மாடுகளுக்குத் தாது உப்பு கொடுக்கும்போது, எந்த மாட்டுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதே தெரிவதில்லை. உப்புக்கட்டி வைத்தால் வலுத்த மாடு அதை விட்டு நகராது; மெலிந்த மாடு கிட்டவே வராது. தண்ணீரையோ எல்லா மாடுகளும் குடித்தாக வேண்டும். அதனால்தான் தண்ணீர் வழியாகக் கொடுக்கும் முறையை நான் ஆதரிக்கிறேன். ஆனால் உப்புப் பையைப் பிரிப்பதற்கு முன், உங்கள் மாடுகள் நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கின்றன என்று அளந்து பாருங்கள்.

அந்த அளவு மாறிக்கொண்டே இருக்கும். பால் வற்றிய மாடு இதமான வானிலையில் 30, 40 லிட்டர் குடிக்கலாம். நிறையக் கறக்கும் மாடு கடும் வெயிலில் 100 லிட்டரையும் தாண்டும். மழைக்குப் பின் முளைக்கும் இளம்புல்லில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதை மேய்ந்த மாடு தொட்டிப் பக்கம் அதிகம் வராது. ஆண்டு முழுவதும் ஒரே விகிதத்தில் கலந்தால் வெயிலில் மிகும், மழையில் போதாது. பக்கத்தில் குளமோ ஓடையோ இருந்தால் கணக்கே தப்பிவிடும்.

எல்லா உப்பும் கரையாது. டைகால்சியம் பாஸ்பேட்டும் மெக்னீசியம் ஆக்சைடும் தொட்டியின் அடியில் வண்டலாகத் தங்கும். மெக்னீசியம் குளோரைடு, துத்தநாக சல்பேட், தாமிர சல்பேட் ஆகியவை கரையும். கால்சியம் மிகுந்த கடின நீரில் பாஸ்பேட், அந்தக் கால்சியத்துடன் சேர்ந்து படிந்துவிடும் என்பதால் தண்ணீரை ஆய்வகத்தில் சோதித்த பிறகே கலவையை முடிவு செய்ய வேண்டும். தண்ணீரில் ஏற்கெனவே சல்பேட் மிகுதியாக இருந்தால் அது தாமிரம் உடலில் சேர்வதைத் தடுக்கும். மேலும் சல்பேட் உப்பைச் சேர்ப்பது நிலைமையை மோசமாக்கும்.

தாது உப்போடு சேர்த்துத் தண்ணீரில் கலக்கப்படுபவற்றில் எனக்கு மிகவும் அச்சமூட்டுவது யூரியா. காய்ந்த புல்லை மேயும் மாட்டுக்குப் புரதக் குறையை ஈடுகட்ட அது உதவும் என்பது உண்மைதான். ஆனால் பழகாத மாட்டுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.3 முதல் 0.5 கிராம் ஒரேயடியாக உள்ளே போனாலே நஞ்சாகலாம். 300 கிலோ மாட்டுக்கு 90 கிராம்! வெயிலில் தொட்டி நீர் ஆவியாகும்போது யூரியா அப்படியே தங்கி, மிச்சத் தண்ணீரில் செறிவு ஏறும். தாகத்தோடு திரும்பும் மாடு அதைத்தான் முதலில் குடிக்கும். நுரைத்த உமிழ்நீர், தசை நடுக்கம், வயிற்று உப்புசம், மூச்சுத்திணறல் என அறிகுறிகள் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே தெரியத் தொடங்கும். உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். வினிகரும் குளிர்ந்த நீரும் புகட்டுவது முதல் சிகிச்சை என்றாலும், அதற்கான நேரம் மிகக் குறைவு. கையால் அள்ளித் தொட்டியில் கொட்டும் வழக்கம் யூரியாவுக்கு வேண்டவே வேண்டாம். ஓடும் தண்ணீரின் அளவுக்கு ஏற்பக் கலக்கும் கருவியைக் குழாயில் பொருத்தி, அது சரியாக வேலை செய்கிறதா என்று நாள்தோறும் பார்க்க முடிந்தால் மட்டும் யோசியுங்கள்.

தாது உப்பையும் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள். சுவை பிடிக்காமல் தண்ணீரைக் குறைத்தால் மேய்ச்சலும் பாலும் சேர்ந்தே குறையும். அப்போது கலப்பதை நிறுத்திவிட வேண்டும். அதே தொட்டியில் செம்மறி ஆடுகளும் குடித்தால் தாமிரம் சேர்க்கவே கூடாது. மாட்டுக்குத் தேவையான அளவே அவற்றின் ஈரலில் சேர்ந்து உயிரைப் பறித்துவிடும்.