கிரில் வேறு, பேட்ஜ் வேறு

சாட்ஸ்வொர்த்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் மாமா ஒருவர் போன மாதம் ஒரு அட்டைப்பெட்டியோடு என் ஆபீசுக்கு வந்தார். உள்ளே பிஎம்டபிள்யூவின் இ46 (E46) மாடல் காருக்குப் பொருந்தும் முன்பக்க கிரில் ஒரு ஜோடி. "அச்சு அசலா அந்தக் கிட்னி ஷேப்தாம்ப்பா. கம்பெனிக்காரன் கேஸ் போட்டுருவானா?" என்றார். டர்பனில் வணிகச்சின்ன வழக்குகள் பார்க்கிறவன் என்பதால், இதே கேள்வியோடு, நசுங்கின காரைத் தட்டி நிமிர்த்தும் பேனல் பீட்டர்களும் அடிக்கடி வருவார்கள்.

இந்த மாடலுக்கே நம் தென்னாப்பிரிக்காவில் ஒரு வழக்கு உண்டு. பானட், கிரில், ஹெட்லைட், முன் மட்கார்டு ஆகியவற்றை அழகியல் வடிவமைப்பாகப் பதிந்து வைத்திருந்த பிஎம்டபிள்யூ, மாற்றுப் பாகம் விற்ற கிராண்ட்மார்க் மேல் வழக்குப் போட்டது. 2013-ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கார் வாங்குகிறவர் அழகைப் பார்ப்பார். நசுங்கின பானட்டை மாற்ற வருகிறவர் 'இது அழகா, அது அழகா' என்று கடையில் நின்று யோசிப்பாரா? பழைய இடத்தில் உட்கார வேண்டும், பழைய மாதிரி தெரிய வேண்டும், அவ்வளவுதான். அப்படியானால் அது செயல்பாட்டு வடிவம். 1993-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டமோ, வாகன உதிரிபாகத்தின் செயல்பாட்டு வடிவத்துக்கு உரிமையே தருவதில்லை. 14(6) பிரிவைப் பாருங்கள்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்போதுதான் பெட்டிக்கு அடியில் கிடந்த சின்ன பிளாஸ்டிக் பையைக் கவனித்தேன். நீலமும் வெள்ளையுமாக வட்ட பேட்ஜ், பின்னால் ஒட்டுகிற டேப். "சும்மா இனாமாத்தான் அனுப்புறான்" என்றார். வில்லங்கமே அந்த இனாமில்தான். அது வணிகச்சின்னம், போலிப் பொருட்கள் சட்டத்தில் கஸ்டம்ஸ் சரக்கை நிறுத்திவைக்க அது ஒன்றே போதும். வடிவமைப்புப் பதிவு அதிகபட்சம் 15 வருடத்தில் காலாவதியாகிவிடும். வணிகச்சின்னத்தைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் பேரன் காலம் வரை ஓடும். கம்பெனிகள் வடிவத்தையும் சின்னமாக்கத் துடிப்பது அதனால்தான்.

பெயர் வைத்ததாலேயே காரின் ஒரு கோடு சொந்தமாகிவிடாது. பின் ஜன்னலின் அடியில் முன்பக்கம் மடங்கும் வளைவு 1961-ல் வந்த பிஎம்டபிள்யூ 1500-ல் இருந்தது; ஹோஃப்மைஸ்டர் என்ற டிசைனரின் பெயரால் அழைக்கிறார்கள். அதைப் போன்ற வளைவு அமெரிக்காவின் கைசர் காரில் 1951-லேயே உண்டு!

"அப்போ பெட்டி மேல பிஎம்டபிள்யூன்னு எழுதவே கூடாதா?" எழுதலாம். 'இ46-க்குப் பொருந்தும்' என்று நேர்மையாகச் சொல்ல வணிகச்சின்னச் சட்டத்தின் 34(2)(c) பிரிவு இடம் தருகிறது. ஒரிஜினல் என்று நம்ப வைக்கிற மாதிரி லோகோவைப் பெரிதாக அச்சடிக்கக் கூடாது.

கிளம்பும்போது, "ரியூனியனுக்கும் கொஞ்சம் அனுப்புறேன்" என்றார். மறுபடி உட்காரச் சொன்னேன். அந்தத் தீவு பிரான்ஸின் பகுதி, அங்கே செல்லுவது ஐரோப்பிய ஒன்றியத்தின் வணிகச்சின்னச் சட்டம். ஆடி (Audi) கார் கம்பெனியின் கிரில் வழக்கில் 2024 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது இது: பேட்ஜே இல்லாவிட்டாலும், அதை மாட்டுவதற்காக அதே வடிவில் செய்த பகுதியே சின்னத்தைப் பயன்படுத்துவதாகும். உதிரிபாகம் என்ற சாக்கு அங்கே எடுபடாது.

ரியூனியன் பட்டியலில் ஆடி கிரில் இரண்டு வரி இருந்தது. மாமா அங்கேயே பேனா கேட்டு வாங்கி அடித்தார்.